கொடைக்கானல் ரிசார்ட் எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்): டிசம்பரில் அம்மோனியா போதுமான அளவு இறங்கவில்லை

பிளான்ட்_மேஸ்திரி:
38 அறை, சமையலறை, லாண்டரி. 20 கே.எல்.டி. (நாளுக்கு 20 கிலோ லிட்டர்) எஸ்டிபி, எக்ஸ்டெண்டட் ஏரேஷன் (நீண்ட நேரம் காற்று ஊதும் முறை). காற்று ஊதும் ஏரேஷன் டேங்க் 20 கன மீட்டர், அதற்கு முன் வரத்தைச் சேர்த்துவைக்கும் ஈக்வலைசேஷன் டேங்க் 10. வார நாளில் 6–7 கே.எல். வரும், சனி, ஞாயிறு 20-ஐத் தொடும். விடிகாலையில் டேங்க் தண்ணீர் 13 டிகிரி. அம்மோனியா நைட்ரஜன் உள்ளே 40, வெளியே 18 மி.கி./லி. பிஎச் உள்ளே 7.2, வெளியே 6.1. உள்ளே வரும் நீரின் ஆல்கலினிட்டி (அமிலத்தைச் சரிக்கட்டும் திறன்) 170 மி.கி./லி. ஞாயிறு காலையில் கிளாரிஃபையரில் (சேறு படியும் தொட்டி) கலங்கல் வழிகிறது. கோடை சீசனில் பிஓடி (கரிமக் கழிவின் அளவு) மட்டும்தான் பார்த்தோம், சரியாக இருந்தது. குளிர்தான் காரணம், ஹீட்டர் போடுங்கள் என்கிறார் மெயின்டனன்ஸ் ஆள். போடலாமா?

சேறு_நிபுணர்:
வேண்டாம் சார். 20 கன மீட்டரை 5 டிகிரி சூடாக்கவே நாளுக்குச் சுமார் 116 யூனிட் மின்சாரம் வேண்டும். போதாததற்கு, நோயே வேறு.

குளிர் மட்டும் காரணமென்றால் அம்மோனியா மிஞ்சும், ஆனால் பிஎச் இவ்வளவு விழாது. ஒரு மி.கி. அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற 7.14 மி.கி. ஆல்கலினிட்டி செலவாகும். உங்களுக்கு மாறியது 40-இல் 18 போக 22. 22 × 7.14 = 157. இருந்ததே 170, மிச்சம் 13. அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா அங்கேயே நின்றுவிட்டது. மலைத் தண்ணீர் மென்மையானது, இயல்பிலேயே ஆல்கலினிட்டி குறைவு. கோடையில் அளந்திருந்தாலும் இதே சிக்கல் தெரிந்திருக்கும், பிஓடியில் தெரியாது.

மீதி 18-க்கு 129, கையிருப்பாக 80, இதில் மிச்சமுள்ள 13 போக 196 வேண்டும். 20 கன மீட்டருக்கு 3.9 கிலோ. ஒரு கிலோ சோடியம் பைகார்பனேட் 0.6 கிலோ ஆல்கலினிட்டி தரும், ஆக முழு லோடு நாளில் 6.5 கிலோ. தண்ணீரில் கரைத்து, மூன்று வேளையாகப் பிரித்து ஈக்வலைசேஷன் டேங்கில் ஊற்றுங்கள். வார நாளில் வரும் அளவுக்கேற்பக் குறையுங்கள். வெளியே பிஎச் 7-க்கு மேல் நின்றால் போதும்.

சேற்றின் வயதையும் (சேறு டேங்கில் தங்கும் சராசரி நாள்) 20 நாளுக்குக் கீழே குறைக்காதீர்கள்: ஏரேஷன் டேங்கிலிருந்து சேற்றை நேரடியாக எடுத்தால் நாளுக்கு 1 கன மீட்டர், அதற்கு மேல் வேண்டாம். பாக்கெட்டில் விற்கும் பாக்டீரியா பவுடர் காசுக்குக் கேடு.

வால்வு_ராஜா:
கலங்கல் தனிக்கதை. ஈக்வலைசேஷன் டேங்கிலிருந்து ஏற்றும் ஃபீட் பம்ப், நீர்மட்டம் ஏறினால் தானே ஓடும் ஃப்ளோட் ஸ்விட்சில் ஓடுகிறதா? மணிக்கு 5 கன மீட்டர் பம்ப் என்றால் சனி, ஞாயிறு காலைக் குளியல் நேரத்தில் அத்தனையும் ஒரே மூச்சில் கிளாரிஃபையருக்குள் தள்ளும். டைமர் வைத்தாலும் ஓடும் நிமிடங்களில் அதே தள்ளல்தான். பம்பின் டெலிவரி லைனில் டீ (T வடிவ குழாய் இணைப்பு) போட்டு, ஒரு கிளையை வால்வோடு ஈக்வலைசேஷன் டேங்குக்கே திருப்புங்கள். ஏரேஷன் பக்கம் மணிக்கு 0.83 கன மீட்டர்தான் போக வேண்டும்: 20 லிட்டர் வாளி நிரம்ப ஏறக்குறைய 86 வினாடி. வாளி சீக்கிரம் நிரம்பினால் திரும்பும் வால்வை இன்னும் திறங்கள். முடிகூளம் சிக்கி அளவு மாறும், வாரம் ஒருமுறை வாளி வைத்துப் பாருங்கள். வெள்ளி மாலைக்குள் ஈக்வலைசேஷன் டேங்க் முக்கால்வாசி காலியாக இருக்கட்டும்; அதற்குள்ளும் காற்று ஓடட்டும், இல்லாவிட்டால் அழுகி நாறும்.

ஏர்_பில்டர்:
டேங்குக்குக் காற்று ஊதும் ப்ளோயரையும் பாருங்கள். 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கேட்டலாக்கில் உள்ள கன அளவு வரும், ஆக்சிஜன் அந்த அளவுக்கு வராது. ஞாயிறு காலை 9 மணிக்கு, டிஃப்யூசருக்கு (காற்றைக் குமிழாக விடும் பாகம்) தொலைவான மூலையில் கரைந்த ஆக்சிஜன் 2 மி.கி./லி. இருக்கிறதா என்று அளந்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று, ஹவுஸ்கீப்பிங். 10 சதவீத டாய்லெட் ஆசிட் ஒரு லிட்டர் சுமார் 140 கிராம் ஆல்கலினிட்டியைத் தின்னும். அறைக்கு 100 மி.லி. வீதம் 38 அறைக்கு ஊற்றினால், அதைச் சரிக்கட்டவே ஏறக்குறைய ஒரு கிலோ சோடா (அதே சோடியம் பைகார்பனேட்) போகும். ப்ளீச்சிங் பவுடர் இன்னும் மோசம், பாக்டீரியாவையே கொல்லும்.

பிளான்ட்_மேஸ்திரி:
நன்றி. சோடாவுக்குப் பதில் சுண்ணாம்பு? விலை குறைவாயிற்றே.

சேறு_நிபுணர்:
குறைவுதான். ஆனால் கொஞ்சம் கூடினாலும் பிஎச் எகிறிவிடும், டிஃப்யூசர் மெம்ப்ரேனில் செதில் படியும். பகலெல்லாம் ஆள் நின்று அளக்க முடியாத பிளான்ட்டுக்குச் சோடாதான் தோது.