டெல்லி லைன் வண்டியில் சமைச்சுச் சாப்பிடுறவங்க யாராச்சும் இருக்கீங்களா?

ராசிபுரம்_12சக்கரம்:
வணக்கம்ங்க. இத்தனை வருசம் லோக்கல்ல டிப்பர் ஓட்டிட்டு இருந்தேன், இப்பத்தான் நாமக்கல்–டெல்லி லைன் வண்டிக்கு, அதாவது தூரத்துக்கு லோடு அடிக்கிற லாரிக்கு ஏறியிருக்கேன். கிளீனர் கிடையாது. நானும் இன்னொரு டிரைவரும் மாத்தி மாத்தி ஓட்டுறோம். ஹைதராபாத் வரைக்கும் சோத்துக்குப் பிரச்சினை இல்லை. அடிலாபாத் தாண்டிட்டா ரொட்டியும் எண்ணெய் மிதக்குற சப்ஜியும்தான். நெஞ்செரிச்சல்ல படுக்க முடியலைங்க. ரத்தம் டெஸ்ட் எடுத்ததுல சர்க்கரை எல்லையில நிக்குது, மாத்திரை இப்ப வேண்டாம், வாயைக் கட்டுன்னு டாக்டர் சொல்லிட்டார். சமைக்கலாம்னு பார்த்தா, கூட வர்றவர் "அதெல்லாம் கிளீனர் இருந்த காலத்தோட போச்சு"ங்கிறார். நிஜமாவே முடியாதுங்களா? என்னென்ன சாமான் வேணும்?

சங்ககிரி_பழைய_ஸ்டியரிங்:
தம்பி, அவர் சொல்றதுல பாதி நிஜம். 2017 ஜூலையில ஜிஎஸ்டி வர்றதுக்கு முன்னாடி ஸ்டேட்டுக்கு ஸ்டேட் வரி செக்போஸ்ட். வண்டி வரிசையில நிக்கும். நாம பேப்பரைத் தூக்கிட்டு ஜன்னல் ஜன்னலா அலைஞ்சு சீல் வாங்கிட்டு வர்றதுக்குள்ள, கிளீனர் பையன் டயர் மறைவுல பம்ப் ஸ்டவ்வைப் பத்த வெச்சு சோறாக்கிடுவான். இப்ப அந்த வரி செக்போஸ்டும் இல்லை, பையனும் இல்லை. டோல்ல ஃபாஸ்டேக், அங்கயும் நிக்கிற வேலை இல்லை. அரை மணி சேர்ந்தாப்ல நின்னா ஜிபிஎஸ்ல பார்த்துட்டு ஓனர் போன் அடிக்கிறார்.

அதனால மூணு வேளையும் ஆக்கணும்னு இறங்காதீங்க. பத்து நாள்ல அடுப்பை மூட்டை கட்டிருவீங்க. ஒரு நாளைக்கு ஒரே வேளை, வெளிச்சம் இருக்கறப்போ, ஒரே குக்கர். மத்த வேளைக்கு வாங்கிக்கலாம். ஓனர்கிட்ட மொதல்லயே, "மத்தியானம் முக்கால் மணி நிறுத்துவேன், டயரும் பார்த்துக்குவேன்"னு சொல்லிடுங்க. சொல்லிட்டு நிக்கிற வண்டிக்கு யாரும் போன் போடுறதில்லை.

அடுப்புக்கு 5 கிலோ சிலிண்டர். இந்தியன் ஆயில்ல சோட்டுன்னு கொடுக்கிறாங்க, அடையாள அட்டை காட்டினாப் போதும், அட்ரஸ் புரூஃப் கேக்கறதில்லை. கேபினுக்குள்ள பத்த வைக்கவே கூடாது. கேஸ் காத்தை விடக் கனம், கசிஞ்சா கால்மாட்டுலயே தேங்கி நிக்கும். படுக்கிற இடத்துலயும் சிலிண்டரை வைக்காதீங்க, பக்கவாட்டுப் பெட்டியில போடுங்க. பங்க் வளாகத்துக்குள்ளயும் வேண்டாம். பஞ்சு லோடு, வைக்கோல் லோடுன்னா வண்டியை விட்டு நல்லாத் தள்ளிப் போய்த்தான் பத்த வைக்கணும். காத்துக்கு மறைப்பு வேணும்னா பழைய டின்னை வெட்டி பர்னருக்கு மட்டும் வைங்க. சிலிண்டரைச் சுத்தி மூடினா சூடு ஏறும், அது ஆபத்து.

இனி சோறு. நம்ம அரிசிம்பருப்பு சாதம் மாதிரி லாரிக்குத் தோதான சோறு வேற கிடையாதுங்க. சர்க்கரைன்னு சொல்றதால அரிசியைக் கொறைச்சு பருப்பைக் கூட்டுங்க. ரெண்டு பேருக்கு ஒரு டம்ளர் புழுங்கல் அரிசி, முக்கால் டம்ளர் துவரம்பருப்பு. காலையில வண்டி எடுக்கறப்பவே மூடி போட்ட டப்பாவுல தண்ணி ஊத்தி ஊற வெச்சுடுங்க. நீங்க ஓட்ட ஓட்ட அது ஊறும், கேஸும் மிச்சம். நிறுத்தினதும் குக்கர்ல கடலெண்ணெய் கொஞ்சம், கடுகு, சீரகம், தட்டின மிளகு, வரமிளகா ரெண்டு. அப்புறம் ஒரு கை சின்ன வெங்காயம், பூண்டு நாலஞ்சு பல்லு முழுசா. வெங்காயம் நிறம் மாறினதும் தக்காளி, மஞ்சத்தூள், உப்பு. தக்காளி குழைஞ்சதும் ஊறின அரிசி பருப்பைப் போட்டு அஞ்சு டம்ளர் தண்ணி. மூணு விசில் அடிச்சதும் அணைச்சுடுங்க. ஆவி அடங்கறதுக்குள்ள சுத்தி வந்து டயரைத் தட்டிப் பார்த்து, கயிறு தளர்ந்திருக்கான்னு பாருங்க. மூடியைத் திறந்தா பூண்டு வாசம் பக்கத்து வண்டிக்காரனையும் எழுப்பும். பஞ்சாப் வண்டிக்காரர் ஒருத்தர் தட்டைத் தூக்கிட்டே வந்து நின்னிருக்கார். அவர் கொடுத்த மாங்கா ஊறுகா இன்னும் நாக்குல இருக்கு.

தொட்டுக்க ஒரு ஆம்லெட் போட்டுக்கோங்க. முட்டை நம்ம ஊர்லயே வாங்கிக்கலாம், மே மாசம் மட்டும் அரைத் தட்டுக்கு மேல வேண்டாம். நாக்பூர்ல வெயில் 45 டிகிரி தாண்டும், கேபின்ல எதுவும் நிக்காது. மிஞ்சின சோத்தையும் அந்த வெயில்ல ராத்திரிக்குன்னு வைக்காதீங்க.

புழுங்கல் அரிசி மட்டும் ஊர்லயே எடுத்துக்கோங்க. மேல போகப் போக நம்ம அரிசி தேடினாலும் அகப்படாது. காய் எங்க நின்னாலும் கிடைக்கும்.

திருச்செங்கோடு_வீட்டம்மா:
எங்க வீட்டுக்காரரும் லைன் வண்டிதான் தம்பி. அண்ணன் சொன்ன அளவையே நாங்க வீட்லயே ஒவ்வொரு நாளைக்கும் ஒரு கவர்னு கட்டிக் கொடுத்துடுவோம். அரிசி, பருப்பு, கூடவே சின்னப் பொட்டலத்துல சீரகம், மிளகு, வரமிளகா. பிரிச்சுக் கொட்டினாப் போதும். டப்பா டப்பாவா கொடுத்து விட்டா அப்படியே திரும்பி வரும், பார்த்தாச்சு. கொள்ளை வறுத்துப் பொடியாக் கொடுத்து விடுங்க, ராத்திரி புளித்தண்ணியில கலந்து கொதிக்க வெச்சா ரசம். தக்காளித் தொக்குல ஈரக் கரண்டி பட்டா அன்னிக்கே பூசணம் பிடிக்கும், அதை மட்டும் எத்தனை சொன்னாலும் இந்த ஆம்பளைங்களுக்கு ஏறாது.

டேங்கர்_மாமா:
நாங்க கேஸ் டேங்கர். தீப்பெட்டியே ஆகாது, அடுப்புக்கு எங்க போறது? அவல்தான். கெட்டி அவலை அலசி ஊற வெச்சு தயிர், வெங்காயம், பச்சை மிளகா. கூட வேர்க்கடலை ஒரு கை, வெள்ளரிக்கா. ராத்திரி ஓட்டுறவனுக்கு வயிறு கனக்காது. சோறு தின்னுட்டு ஸ்டியரிங்ல உக்காந்தா கண்ணு சொக்கும், அதுக்கு இது தேவலை.

ராசிபுரம்_12சக்கரம்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ரெண்டு சந்தேகம். தாபாவுல சாப்பிட வேண்டி வந்தா எதைக் கேக்கறது? ஹைதராபாத்துக்கும் ஜான்சிக்கும் நடுவுல அடுப்பு வைக்க நல்ல இடம் எது?

சங்ககிரி_பழைய_ஸ்டியரிங்:
"தேல் கம்"னு சொல்லுங்க, எண்ணெய் கம்மியாப் போடுவான். தால் ஃப்ரை வேண்டாம், தாளிக்காத தாலைக் கேளுங்க. தந்தூரி ரொட்டியில பாதி இடத்துல மைதா கலப்பான், தவா ரொட்டின்னா கோதுமை. பச்சை வெங்காயம், வெள்ளரிக்கா, தயிர் தாராளமா வாங்கிக்கோங்க. டீயை யாருமே கணக்குல எடுக்கறதில்லை. ராத்திரி முழுக்க குடிக்கிற டீயில இருக்கற சர்க்கரையைக் கூட்டிப் பாருங்க, சோத்தைக் குறை சொல்ல மாட்டீங்க. "ஃபீக்கி சாய்"னு கேட்டா சர்க்கரை இல்லாமத் தருவான். மொத ரெண்டு நாள் கசாயம் குடிக்கிற மாதிரி இருக்கும்.

இடம்னா, நாக்பூருக்கு முன்னாடி ஹிங்கன்காட் பக்கம் லாரிங்க கூட்டமா நிக்கிற இடமாப் பார்த்து ஒதுங்குங்க. தனியா நிக்காதீங்க, டீசல் திருட்டு இருக்கு. நாக்பூர் தாண்டி சிவனி போற வழியில பென்ச் புலிக்காடு வரும். ரோட்டையே தூக்கிக் கட்டி கீழ மிருகம் போக வழி விட்டிருக்கான். அங்க எக்காரணம் கொண்டும் நிறுத்தி அடுப்பு மூட்டாதீங்க. அதுக்கு முன்னாடியே சாப்பிட்டு முடிச்சுடணும்.

திருச்செங்கோடு_வீட்டம்மா:
மாத்திரை ஆரம்பிச்சுட்டா மட்டும் வேளை தவறாம சாப்பிடணும் தம்பி. சில மாத்திரையைப் போட்டுட்டு சோத்தைத் தள்ளிப் போட்டா சர்க்கரை இறங்கி ஓட்டறப்பவே கண்ணு இருட்டும். கையெட்டுற இடத்துல மிட்டாய் இருக்கட்டும்.

ராசிபுரம்_12சக்கரம்:
சரிங்க அக்கா. கூட வர்றவர்கிட்ட இதைப் படிச்சுக் காட்டினேன். "நீ ஆக்கு, நான் சாப்பிடறேன்"ங்கிறார்.

சங்ககிரி_பழைய_ஸ்டியரிங்:
அப்ப குக்கர் கழுவறது அவர். கிளம்பறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சுடுங்க தம்பி, அடிலாபாத் போயி பேச முடியாது.