எம்கேட்: மூன்றாம் ஆண்டு விடுமுறையா, நான்காம் ஆண்டா?

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் (என்யுஎஸ்) உயிர் அறிவியல் படிக்கிறேன், இரண்டாம் ஆண்டு முடியப் போகிறது. பட்டம் வாங்கியதும் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க ஆசை. அதற்கான நுழைவுத் தேர்வான எம்கேட்டை எப்போது எழுதலாம்? இந்த ஜூனிலேயே முடித்துவிடு என்கிறார் அம்மா, ஆனால் உயிர்வேதியியல் எனக்கு அடுத்த பருவத்தில்தான் வருகிறது.

பதில் 1:
உயிர்வேதியியல் படிக்காமல் போய் உட்காராதே தங்கச்சி, நான்கு பகுதிகளில் இரண்டில் அது வரும். தேர்வு ஜனவரியில் உண்டு, அப்புறம் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை பல தேதிகள். மூன்றாம் ஆண்டு மே தொடக்கத்தில் பருவத் தேர்வு முடிந்ததும் முழுமூச்சாக உட்கார்ந்தால் ஜூலையில் எழுதிவிடலாம், மதிப்பெண் வர ஏறக்குறைய ஒரு மாதம். நான்காம் ஆண்டில் ஆய்வுத் திட்டம் கழுத்தைப் பிடிக்கும்.

பதில் 2:
அறிவியல் மாணவர்கள் கவிழ்வது வாசிப்புப் பகுதியில். 90 நிமிடம், 53 கேள்வி, தத்துவம், கலை, வரலாறு என்று எதுவும் வரும். பாடத்திட்டம் கிடையாது, கடைசி நேரத்தில் மனப்பாடம் செய்யவும் முடியாது. எம்ஆர்டி ரயிலில் போகும்போது தினமும் ஒரு கட்டுரை படி, இப்போதே.

பதில் 3:
“சும்மா எழுதிப் பார்” என்று யாராவது சொன்னால் கேட்காதே. வருடத்துக்கு 3 முறை, வாழ்நாளில் 7 முறைதான். பதிவு செய்துவிட்டுப் போகாவிட்டாலும் கணக்கில் சேரும். டியூக்-என்யுஎஸ் கேம்சாட் என்ற இன்னொரு நுழைவுத் தேர்வையும் ஏற்கிறது, அதையும் பார்த்துக்கொள்.

கேட்டவர்:
சரி, அடுத்த வருடம் ஜூலை. அம்மாவிடம் இதை அப்படியே காட்டுகிறேன்.