மேல்வீட்டுச் சத்தம்: கதவைத் தட்டுவதா, மனு எழுதுவதா?

கீழ்த்தளத்துக்காரர்:
எங்கள் வீட்டுக்கு நேர் மேலே உள்ள வீட்டில் இரவு பதினொரு மணிக்குப் பிறகு நாற்காலிகள் இழுபடும் சத்தமும், ஒலிபெருக்கியின் தாழ்ந்த அதிர்வும் தொடர்ந்து கேட்கின்றன. பாட்டின் சொற்கள் காதில் விழுவதில்லை. தாளத்தின் இடி மட்டும் சுவர் வழியே இறங்கி வருகிறது. நேரில் போய்ப் பேசலாம் என்கிறார் என் மனைவி. குடியிருப்போர் சங்கத்தில் எழுதிக் கொடுப்பதே பாதுகாப்பு என்கிறார் மைத்துனர். எது சரி?

நேர்வழி:
முதலில் நேரில் பேசுங்கள். மேல்வீட்டில் இருப்பவர்களுக்குத் தாங்கள் எழுப்பும் சத்தம் கீழே எப்படிக் கேட்கிறது என்பது பெரும்பாலும் தெரியவே தெரியாது. பேச்சொலி காற்றில் பரவித் தளத்தைத் தொட்டு அங்கேயே பெரிதும் குறைந்துவிடும். நாற்காலிக் காலோ கான்கிரீட் தளத்தையே நேரடியாக அதிர வைப்பதால், உங்கள் அறையின் கூரை முழுவதும் ஒரு முரசுத் தோலைப் போல ஒலிக்கிறது. அவர்களுக்கு அது ஒரு சிறு கிறீச்சொலி, அவ்வளவுதான். இதை அறியாதவர்களின் கையில் முதல் அறிமுகமாகச் சங்கத்தின் கடிதம் போய்ச் சேர்ந்தால், அவர்கள் அதை அவமானமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒன்று மட்டும்: சத்தம் கேட்கும் அந்த நேரத்திலேயே கொதிப்போடு மாடியேறாதீர்கள்; மறுநாள் பகலில் போங்கள்.

பதிவேடு:
நேர்வழி சொல்வது, எதிரே நிற்பவர் நியாயமானவராக இருந்தால் மட்டுமே பொருந்தும். தனியாக வசிக்கும் பெண், முதியவர், வீட்டு உரிமையாளரே மேலே குடியிருக்கும் வாடகைதாரர் ஆகியோரையும் "போய்க் கதவைத் தட்டுங்கள்" என்று அனுப்பிவிட முடியுமா? வாய்ப்பேச்சுக்குச் சாட்சியும் கிடையாது. ஆறு மாதம் கழித்து "எங்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லையே" என்பார்கள். தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, எந்த வகைச் சத்தம் என்பதை இன்றே எழுதத் தொடங்குங்கள். படுக்கையறைக்குள் தொடர் இரைச்சல் 30 டெசிபலையும், திடீர்ச் சத்தங்கள் 45 டெசிபலையும் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் பரிந்துரைத்தது. உறக்கத்தைக் கேட்பது பேராசை என்று எவரேனும் சொன்னால், அதை எடுத்துக் காட்டுங்கள்.

நேர்வழி:
பரிந்துரை சரி, எதைக் கொண்டு அளப்பீர்கள்? அளவீடு சரிபார்க்கப்படாத கைப்பேசிச் செயலி காட்டும் எண்ணை எந்த அலுவலரும் சான்றாக ஏற்கமாட்டார். மேலும், வழக்கமான டெசிபல் அளவீடு மனிதக் காதின் உணர்திறனை ஒட்டித் தாழ்ந்த அதிர்வுகளைக் குறைத்தே கணக்கிடுகிறது. கேள்வி கேட்டவரை வாட்டுவதோ அந்தத் தாளத்தின் இடிதான். எண்ணில் அது சிறியதாகத் தெரியும், மேல்வீட்டார் அந்த எண்ணையே உங்களுக்கு எதிராகத் திருப்புவார்கள்.

சட்டத்தின் துணையை நம்பியவர்களின் கதையும் இருக்கிறது. கணினியின் முன்னோடியாகக் கருதப்படும் கணிதவியலர் சார்ல்ஸ் பாபேஜ், லண்டன் தெருக்களில் இசைப்பெட்டி வாசிப்போருக்கு எதிராக விடாமல் போராடினார். 1864இல் சட்டமும் வந்தது. ஆனால் அவரை எரிச்சலூட்டுவதற்கென்றே அவர் வீட்டின் முன்னால் வந்து வாசித்தார்கள். தெருவில் இறங்கினால் கூட்டம் பின்தொடர்ந்து கேலி செய்தது.

பதிவேடு:
பாபேஜ் ஒரு நகரத்தையே எதிர்த்தார். இங்கே பிரச்சினை ஒரே ஒரு வீட்டோடு. இரண்டையும் ஒப்பிடுவது பொருந்தாது.

மேல்மாடிவாசி:
நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு ஒரு நாள் திடீரென்று சங்கத்தின் அறிவிப்பு வந்தது. மூன்று வயதுக் குழந்தை நடப்பதும், இரவுப் பணி முடிந்து வருபவர் குளிப்பதும் குற்றங்கள் என்பதுபோல அதில் எழுதியிருந்தது. வாழ்வதால் எழும் ஒலி வேறு, தவிர்க்கக்கூடிய ஒலி வேறு. நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்டுவதும், ஒலிபெருக்கியைத் தரையிலிருந்து எடுத்து ரப்பர் திண்டின் மேல் வைப்பதும் அரைமணி நேர வேலை. கேட்டிருந்தால் அன்றே செய்திருப்போம். மூன்று வயதுக் குழந்தையைக் கட்டிப்போடச் சொன்னால் மட்டும் முடியாது. கீழே இருப்பவர்களும் கொஞ்சம் பழகிக்கொள்ள வேண்டும்.

பதிவேடு:
நீங்கள் பிரித்துக் காட்டியது நியாயமானது. "பழகிக்கொள்ள வேண்டும்" என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. விழிப்பது நாளடைவில் குறையலாம், ஆனால் உறங்குபவரின் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் இரவுச் சத்தத்துக்கு எதிர்வினை காட்டுகின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. "நன்றாகத்தானே தூங்குகிறார்" என்பது உடலுக்குப் பொருந்தாத சமாதானம்.

கீழ்த்தளத்துக்காரர்:
கூரையில் நுரைப்பலகை ஒட்டிவிட்டால் இந்தச் சங்கடமே இல்லாமல் போய்விடாதா?

நேர்வழி:
பணம்தான் வீணாகும். நுரை உங்கள் அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் உறிஞ்சும். தளத்தின் வழியே இறங்கும் அதிர்வை அது தடுக்காது. சத்தம் பிறக்கும் இடத்தில் வைக்கும் சிறு ரப்பர் செய்வதை, கீழே ஒட்டும் பெரிய பலகையால் செய்ய முடியாது. அதனால்தான் மேல்வீட்டாரின் ஒத்துழைப்பைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை என்கிறேன்.

உளவியலாளர்கள் கிளாஸ், சிங்கர் இருவரும் 1972இல் வெளியிட்ட சோதனைகளையும் பாருங்கள். ஒரே இரைச்சலைக் கேட்டவர்களில், "வேண்டுமானால் இதை அழுத்தி நிறுத்தலாம்" என்று ஒரு பொத்தான் கொடுக்கப்பட்டவர்கள், அதைப் பெரும்பாலும் அழுத்தாமலேயே, பின்னர் தரப்பட்ட வேலைகளைக் குறைந்த பிழைகளோடு செய்தார்கள். கட்டுப்பாடு நம் கையில் இருக்கிறது என்ற எண்ணமே பாதிச் சுமையைக் குறைக்கிறது. மேல்வீட்டாரின் கைப்பேசி எண் உங்களிடம் இருப்பது அப்படியொரு பொத்தான்தான்.

பதிவேடு:
அழைத்தால் எடுக்கிறவர்களாக இருந்தால் சரி.

மேல்மாடிவாசி:
எடுக்காவிட்டால் சங்கத்துக்குப் போகட்டும், அதை நான் மறுக்கவில்லை. வரிசை மாறக்கூடாது என்பதே என் வாதம். விருந்து வைக்கும் நாளில் எத்தனை மணி வரை என்று மேலே இருப்பவர்களும் முன்கூட்டியே சொல்லலாம்.

கீழ்த்தளத்துக்காரர்:
ஞாயிறு காலை மனைவியும் நானும் சேர்ந்தே போகிறோம். குழந்தையின் காலடியைப் பற்றிப் பேசமாட்டோம்; நாற்காலியும், பதினொரு மணிக்குப் பிந்தைய ஒலிபெருக்கியும் மட்டும்.

பதிவேடு:
போன தேதியை எழுதி வையுங்கள்.

நேர்வழி:
எழுதுங்கள், ஆனால் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.