அம்மாவின் காதுக்கருவியில் இரைச்சல், எந்தப் பட்டன் போன் வாங்கலாம்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) இருக்கிறோம். தீபாவளிக்குப் பிறகு அம்மாவுக்குக் காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி வாங்கினோம். போனைக் காதருகே வைத்தாலே ‘டர்ர்ர்’ என்று இரைச்சல். மணி அடிப்பதற்கு முன்பே தொடங்கிவிடும். 2ஜி மட்டும் உள்ள பழைய பட்டன் போன். டவுனில் இரைச்சல் குறைவு. வீட்டில் சிக்னல் ஒரே கோடு, அங்கேதான் மோசம்.

பேட்டரி, சிம் இரண்டும் மாற்றியாச்சு. கடையில் கருவி நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஸ்பீக்கரில் போட்டுத் தள்ளி வைத்தால் சரி, ஆனால் எங்கள் குடும்பக் கதை லயம் முழுக்கக் கேட்கும்! என் 4ஜி போனில் இரைச்சலே இல்லை. தொடுதிரைதான் அம்மாவுக்கு ஒத்துவரவில்லை. கதிர்வீச்சுக்கும் பயப்படுகிறார். தலை உள்வாங்கும் போன் கதிர்வீச்சுக்குச் சர்வதேச வரம்பு ஒரு கிலோ திசுவுக்கு 2 வாட் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

காதுக்கருவியில் இரைச்சல் குறைவு என்பதைக் காட்டும் எம்4 தரத்தோடு, 4ஜியிலேயே அழைப்பு எடுக்கும் பட்டன் போன் மலேசியாவில் எந்த மாடல் கிடைக்கும்?