கிரிட்டிகல் திங்கிங்: தமிழ்ல ஒரு சொல் வேணும், கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது

திருப்பூர் வாத்தியார் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. பனியன் கம்பெனி, ஜாப் ஒர்க் யூனிட் வச்சிருக்கறவங்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கறேன், தொழில்ல வர்ற சிக்கலை யோசிச்சுத் தீர்க்கறது எப்படின்னு. கிரியேட்டிவ் திங்கிங்குக்கு ஆக்கச் சிந்தனைன்னு போட்டாச்சு. கிரிட்டிகல் திங்கிங்குக்குத்தான் சொல் கிடைக்கலை. போன வகுப்புல விமர்சன சிந்தனைன்னு சொன்னேன், ஒருத்தர் எந்திரிச்சு "அப்ப அடுத்தவன் மேல குறை சொல்லணுங்களா"ன்னு கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான், நம்ம ஊர்ல விமர்சனம்னா அப்படித்தானே காதுல விழுது.

எனக்கு வேணுங்கறது என்னன்னா, வகுப்புல எடுக்கற கணக்கு இது: வெள்ளை பனியன்ல சிவப்பு காலர் சாயம் ஒட்டிடுச்சு, பையர் சரக்கை வேண்டாம்னுட்டார். எல்லாரும் சாயப்பட்டறையைத் திட்டிட்டு நின்னுடறாங்க. டொயோட்டாவுல டாய்ச்சி ஓனோ பழக்கின மாதிரி அஞ்சு தடவை ஏன்னு கேட்டுப் போகணும். சோப்பிங்கை (சாயம் போட்ட துணியில ஒட்டாம நிக்கற சாயத்தை சோப்புல அலசி எடுக்கறது) பாதியில நிறுத்தியிருக்காங்க, ஏன், ஷிப்மென்ட் தேதி நெருங்கிடுச்சு, ஏன், துணி சாயத்துக்குப் போனதே லேட்டு, ஏன், லேப் டிப்புக்கு (நிறம் சரியான்னு பார்க்க முதல்ல சாயம் போட்டு அனுப்பற சின்னத் துணித் துண்டு) பையர் ஓகே வரலை, ஏன், அதை அனுப்பி ஓகே வாங்கறது யார் வேலைன்னு கம்பெனிக்குள்ளயே முடிவாகலை. இப்படி இறங்கிப் பார்க்கற புத்திக்கு ஒரு பேர் குடுங்க.

வைகை எழுதியது:

முதல்ல, விமர்சனச் சிந்தனைன்னு எழுதுங்க ஐயா, மகர ஈறு கெட்டா அங்க வல்லினம் மிகும். ரெண்டாவது, திறனாய்வுச் சிந்தனைன்னு ஏற்கெனவே பாடப்புத்தகத்துல எல்லாம் பார்த்த சொல் இருக்கே, புதுசா எதுக்கு?

கரிசல் எழுதியது:

திறனாய்வு இலக்கியக்காரங்க சொல் ஆயிடுச்சுங்க, நாவல் திறனாய்வு கவிதைத் திறனாய்வுன்னுதான் நினைவு வரும். எங்கிட்ட கேட்டா பகுத்தறிவு. கிரேக்கத்துல கிரினெய்ன்னா பிரிச்சுப் பார்த்துத் தீர்ப்பு சொல்றது, கிரிட்டிகல் அதுலருந்து வந்ததுதான், பகுத்து அறிதல்னா அச்சு அசலா அதே. இவ்வளவு பொருத்தமான சொல் கையில இருக்கும்போது தேடறதே வீண்.

திருப்பூர் வாத்தியார் எழுதியது:

பொருத்தம்தான், ஆனா வகுப்புல அந்தச் சொல்லை எடுத்தா அடுத்த அரை மணி நேரம் சாமி உண்டா இல்லையான்னு போயிடும்ங்க, லேப் டிப் அங்கயே கிடக்கும்.

மலைக்கோட்டை எழுதியது:

சிந்தனையே வடசொல், அதை வச்சுக்கிட்டு முன்னாடி எந்த அடை போட்டா என்ன. வள்ளுவர் தெரிந்து செயல்வகைன்னு ஒரு அதிகாரமே இதுக்காக எழுதியிருக்கார். "அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும் ஊதியமும் சூழ்ந்து செயல்" (461). நட்டம் எவ்வளவு, வரவு எவ்வளவு, பின்னாடி என்ன லாபம் வரும், எல்லாத்தையும் சூழ்ந்து செய். இதைவிட வணிகத்துக்கு நெருக்கமான இடம் எங்க இருக்கு? சூழ்தல்னு வைங்க. சூழ்ச்சின்னாகூட அன்னைக்கு நல்ல சொல்தான், "சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்"னு வினைசெயல்வகையில வருது.

இன்னொண்ணு, ஆக்கச் சிந்தனையும் சரியில்லை. "ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடையார்" (463), இங்க ஆக்கம்னா லாபம். முதலாளிங்க கூடியிருக்கற வகுப்புல ஆக்கச் சிந்தனைன்னா லாபத்தைப் பத்தின யோசனைன்னுதான் பொருள்படும்.

யாழ் எழுதியது:

இங்க ஆக்கம் எண்டா கதை, கட்டுரை எண்டுதான் முதல்ல நினைப்பினம். ஆனா புத்தாக்கம் எண்டா எல்லாருக்கும் விளங்கும், அதை யோசிச்சுப் பாருங்கோ.

கடலூர் எழுதியது:

ரெண்டையும் தனித்தனியா வைக்கறதே எனக்கு இடிக்குது. எங்க ஊர் சேதி சொல்றேன். சி.கே. ரங்கநாதன் 1983-ல சிக் ஷாம்பு ஆரம்பிச்சார். அப்புறம் எந்தக் கம்பெனி காலி பாக்கெட்டா இருந்தாலும் அஞ்சு கொண்டாங்க, ஒரு சிக் இலவசம்னார், இது புத்தாக்கம். சனம் சிக்கைத் தேடி வாங்க ஆரம்பிச்சதும் இனிமே சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டும்தான்னு மாத்தினார் பாருங்க, அதுதான் நீங்க பேர் தேடற புத்தி. ஓடிக்கிட்டிருக்கற திட்டத்தையே நிறுத்திக் கேள்வி கேக்கறது. "குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்" (504). எல்லாரும் பேசற சொல்லாவே இருக்கு, சீர்தூக்கிப் பார்த்தல்.

வைகை எழுதியது:

சீர்தூக்கல் நல்ல சொல், ஆனா வாத்தியார் கணக்குக்கே பொருந்தலை. தூக்கிப் பார்க்க ரெண்டு தட்டு வேணும், அஞ்சு ஏன்ல ஒரே கோடுதான் கீழ இறங்குது, அது நோய்நாடி நோய்முதல் நாடி வகை. நான் திறனாய்வுல திறனை விட்டுட்டு ஆய்வை மட்டும் எடுத்துக்கறேன். தொல்காப்பியர் உரியியல்ல "ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய் ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்"ங்கறார், ஆய்த எழுத்துக்கு அந்தப் பேர் வந்ததே இந்த நுணுக்கத்தாலன்னு சொல்றவங்க உண்டு. அதெல்லாம் இருக்கட்டும், வீட்ல கீரை ஆயறோம்ல, அழுகினதைத் தள்ளி, பூச்சி அரிச்சதைத் தள்ளி, நல்லதைப் பார்த்து எடுக்கறது. கரிசல் சொன்ன கிரேக்கப் பொருளும் அதுக்குள்ளயே இருக்கு. ஆய்ந்தறிதல்னு வைங்க, சிந்தனைங்கற சொல்லும் வேண்டியதில்லை, மலைக்கோட்டை ஐயாவுக்கும் நிம்மதி.

மலைக்கோட்டை எழுதியது:

நிம்மதி இல்லை. ஆய்வுன்னா இன்னைக்கு பி.எச்.டி. ஆய்வு, இல்லேன்னா அதிகாரி வந்து பார்க்கற ஆய்வு. சூழ்தல்ல முன்னாடி பின்னாடி சுத்தி எல்லாம் பார்க்கறது அடங்குது. புரியாதுங்கறதுக்காக விட்டுட்டா எந்தப் பழஞ்சொல்லும் திரும்பி வரப்போறதில்லை, கணினியும் ஒரு காலத்துல யாருக்கும் புரியலை.

கடலூர் எழுதியது:

கணினிக்கு எதிரா சூது வாதுன்னு வேற பொருள் நிக்கலையே ஐயா. கடன்காரங்ககிட்ட போய் சூழ்தல் வகுப்புக்குப் போயிட்டு வந்தேன்னு ஒரு முதலாளி சொல்ல முடியுமா? எனக்கு ஆய்ந்தறிதல் சம்மதம்.

யாழ் எழுதியது:

எனக்கும் சம்மதம்.

திருப்பூர் வாத்தியார் எழுதியது:

அச்சகத்துல ரெண்டு தடவை கூப்ட்டுட்டாங்க. தலைப்பு "புத்தாக்கமும் ஆய்ந்தறிதலும்". முதல் பக்கத்துல மட்டும் கீழ கிரிட்டிகல் திங்கிங்னு தமிழ் எழுத்துல போடறேன். 461, 504 ரெண்டு குறளும் உள்ள வருது, மலைக்கோட்டை ஐயாவுக்கும் கடலூராருக்கும் நன்றிங்க. இன்னைக்கு வகுப்புல சொல்லிப் பார்த்தேன், கேக்க நல்லாருக்குன்னாங்க, ஆனா பேசும்போது "ஏன் கேக்கறது"ன்னுதான் சொல்றாங்க.

கரிசல் எழுதியது:

அச்சுக்குப் போனதைத் தடுக்கலை. ஆனா என் எதிர்ப்பு பதிவுல இருக்கட்டும். சண்டை வரும்னு ஒரு சொல்லை ஒதுக்கி வச்சா, அது அந்த ஒரு பொருளுக்குள்ளயே அடைபட்டுப் போகும். நட்டக் கணக்குலயும் லேப் டிப்லயும் புழங்கினாதானே பகுத்தறிவு எல்லாருக்குமான சொல்லாகும். அடுத்த பதிப்புக்கு முன்னாடி திரும்ப எழுதுவேன்.