ஸ்காட்லாந்து கால்பந்து அணியோடு வெளிநாட்டு ஆட்டங்களுக்குப் போக எங்கிருந்து தொடங்குவது?

கிளாஸ்கோவாசி:

2025 நவம்பர் 18 இரவு, டென்மார்க்கோடு நடந்த தகுதிச் சுற்று ஆட்டத்துக்கு ஹாம்ப்டன் பார்க் அரங்கத்தில் இருந்தேன். மூன்றாவது நிமிடத்திலேயே நம் மெக்டாமினே அந்தரத்தில் தலைகீழாகப் பாய்ந்து அடித்தார். டென்மார்க் இரண்டு முறை சமன் செய்தது. கடைசியில் கென்னி மெக்லீன் நடுக்கோட்டுப் பக்கத்திலிருந்து உதைத்த பந்து வலையில் போய் விழுந்தது. 4-2. 1998க்குப் பிறகு இப்போதுதான் ஆண்கள் உலகக் கோப்பைக்குப் போகிறோம். பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் யாரென்றே எனக்குத் தெரியாது, கட்டிப்பிடித்து அழுதார்.

அன்றிலிருந்து இந்த அணி போகிற இடமெல்லாம் நானும் போக வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. 2026 ஜூனில் உலகக் கோப்பை ஆட்டங்களுக்கு பாஸ்டன், மயாமி போக முடியுமா? என்னிடம் இருப்பது இந்திய பாஸ்போர்ட். இங்கே வேலை விசாவில் இருக்கிறேன். சப்போர்ட்டர்ஸ் கிளப்பில் இன்னும் சேரவில்லை. போய் வந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

நீலச்சட்டை:

தம்பி, உலகக் கோப்பையில் தொடங்காதீர்கள். யாரும் பெரிதாகப் பேசாத ஒரு தகுதிச் சுற்று ஆட்டத்தில் தொடங்குங்கள்.

முதல் காரணம் டிக்கெட். ஸ்காட்லாந்து சப்போர்ட்டர்ஸ் கிளப்பில் நீங்கள் போகும் ஆட்டங்களுக்குப் பாயின்ட் சேரும். கேட்பவர்கள் அதிகமாக இருந்தால், பாயின்ட் அதிகம் உள்ளவருக்குத்தான் முதலில் கிடைக்கும். ஐரோப்பியத் தகுதிச் சுற்றில் விருந்தாளி அணிக்கு அரங்கத்தில் 5 சதவீத இடம்தான் உறுதி. 30,000 பேர் உட்காரும் அரங்கம் என்றால் 1,500 டிக்கெட். ஒவ்வொரு நாட்டிலும் நம் பக்கத்திலிருந்து அதைவிட எத்தனையோ மடங்கு பேர் வந்து நிற்பார்கள். ஜூனில் பாஸ்டன் பக்கம் ஹைட்டியோடும் மொரோக்கோவோடும் ஆட்டம், மயாமியில் பிரேசிலோடு. அதற்கான கிளப் டிக்கெட்டெல்லாம் பல வருடமாக அலைந்து பாயின்ட் சேர்த்தவர்களுக்குப் போகும். அதுதான் நியாயமும்கூட.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். 2023 நவம்பரில் ஜார்ஜியாவோடு ஆட, அதன் தலைநகர் டிபிலிசி போயிருந்தோம். 2024 யூரோவுக்கு, அதாவது ஐரோப்பியக் கோப்பைக்கு, ஏற்கெனவே தகுதி பெற்றாகிவிட்டது. அந்த ஆட்டத்தில் தோற்றாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனாலும் கேலரியில் எங்கள் மூலை நிரம்பிவிட்டது. ஜார்ஜியாவின் குவாரட்ஸ்கெலியா ஒன்று போட்டார், மெக்டாமினே திருப்பினார், குவாரட்ஸ்கெலியா இன்னொன்று போட்டார். கூடுதல் நேரத்தில் நம் ஷாங்க்லாண்ட் தலையால் முட்டி 2-2 ஆக்கினார். எனக்கு முன்வரிசையில் ஒரு அப்பாவும் மகளும் நின்றிருந்தார்கள். அந்தப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குரல் கம்மிப்போய், சத்தமே வராமல் கத்திக்கொண்டிருந்தாள். தேவையே இல்லாத ஒரு ஆட்டத்தில் இப்படிக் கத்துகிறவர்கள் நடுவில் நின்றால்தான் இந்தக் கூட்டம் என்ன என்று புரியும். அதன்பிறகு பெரிய போட்டிக்குப் போகும்போது சுற்றிலும் தெரிந்த முகங்கள் இருக்கும்.

அது எவ்வளவு பெரிய துணை என்று ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் பார்த்தேன். 2024 யூரோ, ஹங்கேரி ஆட்டம். ஜெயித்தால் வரலாற்றில் முதல் முறையாக அடுத்த சுற்றுக்குப் போக வாய்ப்பு. ஹங்கேரி வீரர் வர்கா மோதிக் கீழே விழுந்து நெடுநேரம் எழவில்லை. இரண்டு பக்க ரசிகர்களும் பயந்துபோய் நின்றோம். அதனால்தான் கூடுதல் நேரம் அவ்வளவு நீண்டது. நூறாவது நிமிடத்தில் ஹங்கேரியின் சோபோத் கோல் போட்டார். எல்லாம் முடிந்தது. தெரிந்தவர்கள் நாலு பேர் பக்கத்தில் இல்லாமல் அந்த ராத்திரியைத் தாண்டியிருக்க மாட்டேன். பேசிக்கொண்டே ஊருக்குள் நடந்தோம், வழியில் ஹங்கேரிக்காரர்களைப் பார்த்துக் கைகுலுக்கி, வர்கா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தோம்.

அப்புறம் ஒன்று. போகிற ஊரில் நாம் விருந்தாளிகள். டார்டன் ஆர்மி சன்ஷைன் அப்பீல் என்று நம் ரசிகர்களே நடத்தும் அறக்கட்டளை ஒன்று இருக்கிறது. 2003இலிருந்து அணி விளையாடப் போகும் நாடுகளில் குழந்தைகளுக்கான ஏதாவது ஒரு அமைப்புக்குப் பணம் கொடுத்து வருகிறார்கள். ஸ்கோர் என்னவானாலும் கொடுப்பார்கள். உங்களால் முடிந்ததைப் போடுங்கள்.

வடகடல்:

அக்கா சொன்னதோடு விசா கதையைச் சேர்க்கிறேன், நானும் இந்திய பாஸ்போர்ட்தான்.

ஐரோப்பாவில் பெரும்பாலான ஆட்டங்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும், பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஒரே விசா அது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி பதினைந்து நாளுக்குள் போனால் வாங்க மாட்டார்கள். கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். மேட்ச் டிக்கெட் கைக்கு வரும் வரை காத்திருந்தால் விசா நேரத்துக்கு வராது, அதனால் அட்டவணை வந்த உடனே நேர்காணல் தேதியைப் பிடித்துவிடுங்கள். பல முறை நுழையும் விசாவாகவே கேளுங்கள். கிடைத்துவிட்டால் அடுத்த ஆட்டத்துக்கும் அதுவே போதும்.

விமான டிக்கெட் போடும் முன், ஆட்டம் எங்கே நடக்கிறது, ரசிகர்களை விடுகிறார்களா என்று பாருங்கள். 2025 செப்டம்பரில் பெலாரூஸோடு நடந்த ஆட்டத்தை ஹங்கேரியில் வைத்தார்கள், அதுவும் காலி அரங்கத்தில். 2-0 என்று ஜெயித்தோம். பார்க்கத்தான் யாரையும் விடவில்லை.

ஜூன் ஆட்டங்களைப் பற்றி: அமெரிக்க விசா தனிப் பாடு. மேட்ச் டிக்கெட் இருந்தாலும் விசா உறுதி கிடையாது. பாஸ்டன் ஆட்டங்கள் ஊருக்குள் இல்லை, ஃபாக்ஸ்பரோவில். அதையும் கணக்கில் எடுங்கள்.

கிளாஸ்கோவாசி:

இருவருக்கும் நன்றி. அமெரிக்காவை விட்டுவிடுகிறேன், ஜூன் ஆட்டங்களை இங்கேயே பார்த்துக்கொள்கிறேன். அக்கா, முதல் ஆட்டமாக எதை வைத்துக்கொள்ளலாம்? கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட பாவாடை) கட்டிக்கொண்டு போவது என்னைப் போன்றவனுக்குப் பொருந்துமா? யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று ஒரு தயக்கம்.

நீலச்சட்டை:

2026 செப்டம்பர் கடைசியில் நேஷன்ஸ் லீக் தொடங்குகிறது, ஐரோப்பிய நாட்டு அணிகள் ஏ, பி என்று பிரிவு பிரிவாக ஆடும் போட்டி. 2025 மார்ச்சில் கிரீஸிடம் தோற்று பி பிரிவுக்கு இறங்கிவிட்டோம். உங்களுக்கு அது நல்லதாகப் போயிற்று. சிறிய ஊர், சிறிய அரங்கம், டிக்கெட்டுக்கு அடிதடி குறைவு. கிளப்பில் சேர்க்கை திறந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். குலுக்கல் முடிந்து தேதிகள் வந்ததும் விமானக் கட்டணம் ஏறிவிடும், அதற்குள் முடிவெடுங்கள். ஆட்டம் முடிந்ததும் போலீஸ் நம் பகுதியை மட்டும் அரை மணி, ஒரு மணி என்று உள்ளேயே நிறுத்தி வைப்பது வழக்கம். அதனால் அன்று ராத்திரியே திரும்புகிற மாதிரி ரயிலோ விமானமோ போடாதீர்கள்.

கில்ட் விஷயம். தாராளமாகக் கட்டுங்கள். இத்தனை ஊர் போயிருக்கிறேன், நம் கூட்டத்தில் ஒருவர்கூட என்னை நீ எந்த ஊர் என்று சந்தேகமாகக் கேட்டதில்லை. சட்டை நீலமாக இருந்தால் சரி. ஆஸ்லோவில் 2023 ஜூனில் நார்வே ஆட்டத்தன்று நல்ல வெயில். 86 நிமிடம் வரை 1-0 பின்னால் இருந்து, டைக்ஸும் மெக்லீனும் இரண்டே நிமிட இடைவெளியில் அடித்துக் கவிழ்த்தார்கள். கனத்த கம்பளித் துணிதான், வேர்த்துக் கொட்டியது, ஒருவரும் கழற்றவில்லை. விமான நிலையத்தில் இடுப்பு வார், முன்னால் தொங்கும் ஸ்போரன் பை எல்லாவற்றையும் ட்ரேயில் கழற்றி வைக்கச் சொல்வார்கள், அதற்குக் கொஞ்சம் முன்கூட்டியே போங்கள். காலுறையில் செருகும் சிறு கத்தியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கைப்பையில் இருந்தால் பறித்துக்கொள்வார்கள், அரங்கத்துக்குள்ளும் விட மாட்டார்கள்.

தேதி வந்ததும் இங்கேயே எழுதுங்கள். எங்கள் கூட்டம் ஆட்டத்தன்று மத்தியானமே ஊரின் பெரிய சதுக்கத்தில் சேர்ந்துவிடும். வந்து சேர்ந்துகொள்ளுங்கள்.