'கிரீன் சிந்தசிஸ்': தாவரவழி ஆக்கம் என்று சொல்லலாமா?

வணக்கம் நண்பர்களே,

செடி, பாக்டீரியா, பூஞ்சை போன்றவற்றைக் கொண்டு உலோகத்தின் மிகச் சிறிய நானோ துகள்களைச் செய்வதை ஆங்கிலத்தில் 'கிரீன் சிந்தசிஸ்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> பசுந்தொகுப்பு என்றே வைத்துக்கொள்ளலாமே, சொல் சின்னதாக இருக்கிறது.

சின்னதுதான், வாய்க்கும் சுகமாக வருகிறது. ஆனால் எனக்கு இரண்டு இடத்தில் உறுத்துகிறது. 'தொகுப்பு' என்றால் தமிழ்நாட்டில் பலருக்குச் சிறுகதைத் தொகுப்புதான் நினைவுக்கு வரும். இலங்கைப் பாடநூல்களிலோ நாம் ஒளிச்சேர்க்கை என்பதை ஒளித்தொகுப்பு என்கிறார்கள். அங்கே படித்த பிள்ளைக்குப் பசுந்தொகுப்பு என்றதும் இலையும் வெயிலும் பச்சையமும்தான் கண்முன் வரும்.

அப்புறம் 'பசுமை'. போன வாரம் ஆய்வகத்தில் வேப்பிலையைக் கழுவி நறுக்கி, காய்ச்சி வடித்த நீரில் கொதிக்கவைத்து வடிகட்டி, அதை வெள்ளி உப்பான சில்வர் நைட்ரேட் கரைசலில் விட்டோம். வெளிர் மஞ்சளாக இருந்தது மெல்லத் தேன் நிறத்துக்கு வந்து, மதியத்துக்குள் கடுங்காப்பி மாதிரிப் பழுப்பாகிவிட்டது. வெள்ளித் துகள் உருவானதற்கு அந்த நிறம்தான் முதல் அடையாளம், எந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் நிறமாலைமானியில் வைத்தால் 420 நானோமீட்டர் அலைநீளத்துப் பக்கம் உறிஞ்சல் முகடு ஒன்று தெரியும். கூட நின்ற மாணவி, "பச்சையா எதுவும் வரலையே சார்" என்றாள். அவள்மேல் தப்பில்லை, பெயர் அப்படி.

உள்ளே நடப்பதைப் பார்த்தால் பெயர் தானாக வரும். இலையிலுள்ள பாலிபீனால்கள், ஃபிளேவனாய்டுகள் என்னும் இயற்கைச் சேர்மங்கள் எலக்ட்ரானைக் கொடுத்து வெள்ளி அயனியை வெள்ளி அணுவாக்குகின்றன, அணுக்கள் கூடி 100 நானோமீட்டருக்கும் குறைவான துகளாகின்றன, பிறகு இலைப்பொருள்களே துகளின்மேல் படிந்து அவை ஒட்டித் திரளாமல் பார்த்துக்கொள்கின்றன. வழக்கமான முறையில் எலக்ட்ரான் கொடுக்கச் சோடியம் போரோஹைட்ரைடு அல்லது ஹைட்ரசீன் என்ற வேதிப்பொருள், திரளாமல் காக்க வேறொரு பொருள் என்று தனித்தனியாகச் சேர்ப்போம். இங்கே செடியே இரண்டையும் செய்கிறது, ஆகவே பெயரில் செடி இருந்தே ஆகவேண்டும்: தாவரவழி ஆக்கம். பாக்டீரியா, பூஞ்சை வைத்துச் செய்வதையும் சேர்த்துச் சொல்லும் பொதுப்பெயராகப் பசுமை ஆக்கம் இருக்கட்டும், நச்சுப்பொருள்களைக் குறைத்துச் செய்யும் வேதியியலுக்குப் பசுமை வேதியியல் என்ற பெயர் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் அதனோடு ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று. எல்லோரும் 'இலைச்சாறு' என்று எழுதுகிறோம், நானும் எழுதியிருக்கிறேன். இடித்துப் பிழிந்தால் சாறு. கொதிக்கவைத்து வடித்தால் நம் வீட்டில் அதைக் கஷாயம் என்போம். 2004இல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தார் வேப்பிலை கொண்டு வெள்ளி, தங்கத் துகள்கள் செய்து வெளியிட்ட கட்டுரையும், இலையைக் கொதிக்கவைத்து எடுத்த நீர் என்ற பொருள்படும் சொல்லைத்தான் தலைப்பில் வைத்திருக்கிறது. பிழிந்ததா கொதித்ததா என்பது செய்முறையையே மாற்றும் விஷயம். அதனால் 'வேப்பிலைக் கஷாயம்' என்று ஆய்வேட்டிலேயே எழுதலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை.

துகளைப் போர்த்திக் காக்கும் பொருளுக்குப் 'போர்த்தி' என்று வைத்திருக்கிறேன். எலக்ட்ரான் கொடுக்கும் பொருளுக்கு இங்கே ஒடுக்கி என்று பெயர், இலங்கையில் தாழ்த்தி. இரண்டில் எதை எடுப்பது என்று ஈழத்து நண்பர்கள் சொன்னால் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.